பொகவந்தலாவையில் ஒரு சாட்சி: களப்பயணத் திட்டமிடலில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஹேக் நகரிலுள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் ஒவ்வோர் ஆண்டும் சில மாதங்களுக்கு மட்டும் வெளியாட்களைச் சேர்த்துக்கொள்கிறது. படிப்பை முடித்த கையோடு வருபவர்களுக்குப் பயிற்சி இடங்கள் உண்டு. வேலையில் சில ஆண்டுகள் இருந்தவர்கள் 'வருகைதரு நிபுணர்' என்ற பெயரில் போகலாம். சட்டப் பிரிவுகளுக்குத்தான் விண்ணப்பங்கள் குவிகின்றன. விசாரணையாளர்களை ஊர் ஊராக அனுப்பித் திருப்பி அழைக்கும் களப்பயணத் திட்டமிடலுக்கு வருபவர்கள் குறைவு. அந்த வேலை என்னவென்று பலருக்குத் தெரியாததே காரணம்.

தெரிந்துகொள்ள வழியும் குறைவு. அங்கே வேலை செய்தவர் இரகசியக் காப்பு உறுதிமொழியில் கையொப்பமிட்டிருப்பார். தான் தயாரித்த திட்டம் எதையும் வெளியே காட்ட முடியாது. ஆகவே விண்ணப்பிக்க விரும்பும் இலங்கை மலையகத்து இளைஞர்களுக்காக, அவர்கள் நடந்து பழகிய மண்ணிலேயே ஒரு கற்பனைக் களப்பயணத்தைத் தாளில் நடத்திப் பார்த்த பயிற்சி இது. சாட்சி, சம்பவம், அணி எல்லாம் கற்பனை. பாதை, மழை, விடுமுறை, சட்டப் பிரிவுகள் உண்மை.

நிகழ்வு

இந்த நீதிமன்றத்தை உருவாக்கிய ஒப்பந்தமான ரோம் சாசனத்தில் இலங்கை சேரவில்லை. தெற்காசியாவில் ஆப்கானிஸ்தான், பங்களாதேஷ், மாலைதீவு மட்டுமே உறுப்பு நாடுகள். அப்படியிருக்க ஹேக்கிலிருந்து ஓர் அணி மலையகத்துத் தேயிலைத் தோட்ட ஊரான பொகவந்தலாவைப் பக்கம் எதற்காக வர வேண்டும்? குற்றம் நடந்த இடம் ஒன்று, சாட்சி வாழும் இடம் இன்னொன்று என்பதால். பயிற்சியில் சாட்சி 41 வயதுப் பெண். உறுப்பு நாடொன்றில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்தபோது ஒரு சம்பவத்தைக் கண்ணால் கண்டவர். ஊர் திரும்பித் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறார். அந்த நாட்டுச் சம்பவம் குறித்து விசாரணை நடக்கிறது. அவருடைய வாக்குமூலம் தேவை. மலையகத்திலிருந்து எத்தனை பெண்கள் வெளிநாட்டு வேலைக்குப் போய்வருகிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இது வலிந்து கட்டிய கதையாகத் தோன்றாது.

சட்ட வழி சாசனத்தின் 87ஆம் உறுப்புரையின் 5ஆம் பந்தி. உறுப்பினரல்லாத நாட்டுடன் தனி ஏற்பாடு செய்துகொண்டு ஒத்துழைப்புக் கேட்கலாம் என்கிறது அது. கேட்கலாம், அவ்வளவுதான்; நாடு மறுத்தால் பயணம் இல்லை. எழுத்தில் சம்மதம் வராமல், சுற்றுலா விசாவில் போய் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வரலாம் என்று எவராவது யோசனை சொன்னால், 2012 ஜூனில் லிபியாவின் சிந்தான் நகரில் நடந்ததை நினைவூட்ட வேண்டும். தடுப்பிலிருந்த ஒருவரைச் சந்திக்கப் போன நீதிமன்ற ஊழியர் நால்வர் அங்கே தடுத்துவைக்கப்பட்டார்கள். ஜூலை 2ஆம் திகதிதான் விடுதலை. அவர்கள் சட்டபூர்வமாகப் போனவர்கள். தலைநகரில் கிடைக்கும் உறுதி உள்ளூரில் துப்பாக்கி வைத்திருப்பவரைக் கட்டுப்படுத்துமா என்பதையும் திட்டம் கேட்டாக வேண்டும் என்பதற்கு அது சாட்சி. இலங்கையில் நிலைமை அப்படி இல்லை. ஆனாலும் அணியின் ஒவ்வோர் உறுப்பினரும் யாருடைய அனுமதியில், எந்தத் தகுதியில் நாட்டுக்குள் இருக்கிறார் என்று ஒரு பக்கத் தாள் ஒவ்வொருவர் பையிலும் இருக்க வேண்டும்.

முதல் வரைவு

வரைபடத்தை மட்டும் பார்த்துத் திட்டம் போடுபவர் செய்வதையே முதல் வரைவில் வேண்டுமென்றே செய்துபார்த்தோம். அணி காலை 6 மணிக்குக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்குகிறது. வாடகை வேனில் அவிசாவளை, கினிகத்தேனை வழியாக ஹட்டன். மதியச் சாப்பாடு. 2 மணிக்குத் தோட்டத்தில் சாட்சியின் வீட்டில் நேர்காணல். மறுநாளும் அதே. மூன்றாம் நாள் மாலை விமானம்.

மேசையில் இதை வரிவரியாக நடத்திப் பார்த்தால் காலை பத்து மணிக்குள்ளேயே உடைகிறது. குடிவரவு, பெட்டி, பண மாற்று, சிம் அட்டை எல்லாம் முடிய 8 மணி. கட்டுநாயக்கவிலிருந்து ஹட்டனுக்கு ஐந்து மணி நேரமாவது வேண்டும். கினிகத்தேனை ஏற்றத்தில் மூடுபனி இறங்கினாலோ, முன்னால் ஒரு கொள்கலன் லொறி ஊர்ந்தாலோ அதுவும் போதாது. செயலி காட்டும் நேரத்தோடு மலைப்பாதையில் மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்துக்கொள்வதே எங்கள் கணக்கு. ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்கு இன்னுமொரு மணி நேரம். அங்கிருந்து டிவிசனுக்கு, அதாவது தோட்டத்தின் ஒரு பிரிவுக்கு, ஏறும் கல்லு ரோட்டில் நடைவேகம்தான். ஆக, 2 மணி நேர்காணல் 4 மணிக்குத் தொடங்கும். ஆறு, ஆறரைக்குள் இருட்டிவிடும். இருட்டிய பிறகு மலைப்பாதையில் வாகனம் ஓடக்கூடாது என்பது திட்டத்தின் முதல் விதி. மிஞ்சுவது ஒன்றரை மணி நேரம். உரைபெயர்ப்புக்குப் பாதி போனால் முக்கால் மணி நேரம். வளைகுடா நகரமொன்றில் விமானம் மாறி, இரவு முழுக்கத் தூங்காமல் வந்தவர்கள் அந்த முக்கால் மணி நேரத்தில் எடுக்கும் வாக்குமூலத்தை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி மகிழ்ச்சியோடு வரவேற்பார்.

நேரப் பிழையைத் திருத்திவிடலாம். திருத்த முடியாத பிழை இடத்தில் இருக்கிறது. தோட்டத்துக்குள் நுழையும் வெளியார் வாகனம் கேட்டில் நிற்கும். காவல்காரர் இலக்கத்தையும் நேரத்தையும் கொப்பியில் எழுதுவார். எந்த லயத்துக்கு (தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு), யாரைப் பார்க்க என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு உண்மை சொன்னாலும் கேடு, பொய் சொன்னாலும் கேடு. வேன் வெள்ளை நிறமாக இருந்தால் வேறு வினையே வேண்டாம். ஆட்கடத்தலோடு 'வெள்ளை வேன்' சேர்ந்துவிட்ட நாட்டில், தெரியாத வெள்ளை வேன் லயத்து வாசலில் நிற்பதைப் பார்த்து எவரும் சும்மா இருக்க மாட்டார்கள். மாலை நிறுவைக்குக் கொழுந்து மடுவத்தில் கூடும்போது முழு டிவிசனுக்கும் செய்தி தெரிந்திருக்கும். லயத்து வீட்டுக்குள் பேசலாம் என்றால், ஒரே கூரைக்குக் கீழே நடுச்சுவர். இருமினால் பக்கத்துக் காம்பராவில் கேட்கும்.

2 மணி என்ற நேரம் சாட்சியின் பிழைப்பிலும் கைவைக்கிறது. பெரட்டு எனும் காலை ஆளெடுப்புக்குப் போய் மலையில் நிற்பவர் மதியத்தோடு இறங்கினால் குறித்த கிலோ சேராது, அன்றைக்கு அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். சாசனத்தின் 54ஆம் உறுப்புரை, சாட்சியின் தனிப்பட்ட சூழ்நிலையை மதித்து விசாரிக்கச் சொல்கிறது. 68ஆம் உறுப்புரை பாதுகாப்பையும் கண்ணியத்தையும் அந்தரங்கத்தையும் காக்கச் சொல்கிறது. இவற்றைச் சட்டத்தரணிகள் வாதத்தில் மேற்கோள் காட்டுவார்கள். திட்டமிடுபவருக்கோ அவை அட்டவணையின் நிரல்கள். 'சாட்சி அன்றைக்கு எதை இழக்கிறார்?' என்று ஒரு நிரல் இல்லாத அட்டவணையைக் கிழித்துப் போடலாம்.

இரண்டாம் வரைவு: சாட்சியின் கிழமையிலிருந்து தொடங்குதல்

இரண்டாம் வரைவில் விமான நேரத்தைக் கடைசியில் வைத்தோம். முதலில் எழுதியது சாட்சியின் ஒரு கிழமை. வேலை நாட்கள் எவை, சம்பளம் போடும் நாள் எது, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பரீட்சை எப்போது, கோயில் திருவிழா எப்போது. கடைசிக் கேள்விக்கு எந்தக் கலண்டரிலும் விடை கிடையாது. ஒவ்வொரு தோட்டத்து அம்மன் கோயிலுக்கும் திருவிழா வேறு வேறு நாள். தேர் ஓடும் கிழமையில் எந்தக் குடும்பமும் வெளியூர் போகாது, போனால் ஏன் என்று கேட்பார்கள்.

யாரும் ஏன் என்று கேட்காத நாட்கள் வேண்டும். போலிக் காரணம் கட்டிக்கொடுப்பது கூடாது. 'கண்டி ஆஸ்பத்திரியில் கிளினிக் என்று சொல்லுங்கள்' என்று அணி சொல்லிக்கொடுத்தால், நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்: உங்களைப் பொய் சொல்லச் சொன்னது யார்? ஆகவே ஞாயிறும் போயா எனும் முழுமதி நாள் விடுமுறையும் ஒட்டிவரும் ஒரு வார இறுதியைத் தேடினோம். போயா திங்களில் விழுந்தால் சனி முதல் செவ்வாய் வரை நான்கு நாள் கிடைக்கும்; சாட்சி இழப்பது சனியும் செவ்வாயும், இரண்டு நாட் சம்பளம்.

மாதம் எது? மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. வட்டவளை, கினிகத்தேனை, ஹட்டன் பக்கம் விடாமல் ஊற்றும். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை, மண்சரிவு. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதும், 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயலில் மலையகப் பாதைகளும் ரயில் பாதையும் அறுந்துபோனதும் இந்தப் பருவத்தில்தான். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை ஹட்டன் பக்கம் வெயில். ஆனால் அதுவே சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். டிசம்பர் போயாவில் தொடங்கி வெசாக் வரை ஓடும். போயா வார இறுதிகளில் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, நல்லதண்ணி பாதையில் பஸ்கள் நத்தையாக நகரும். பொகவந்தலாவையிலிருந்து வருபவர் நோர்வூட்டில் அதே பாதையில்தான் கலக்க வேண்டும். மழைக்குப் பயந்தால் யாத்திரை, யாத்திரைக்குப் பயந்தால் மழை.

யாத்திரைக் கூட்டத்துக்கு நேரம் உண்டு, மழைக்கு இல்லை. அதனால் யாத்திரையைத் தேர்ந்தோம். மலையேறுபவர்கள் மாலையிலும் முன்னிரவிலும் மேலே போவார்கள், சூரியோதயம் பார்த்து முற்பகலில் இறங்கி நண்பகலில் பாதையை அடைப்பார்கள். சனிக்கிழமை காலை 6.30க்குப் பொகவந்தலாவையில் பஸ் ஏறினால் 8 மணிக்குள் ஹட்டனைத் தாண்டிவிடலாம். செவ்வாய் பிற்பகல் திரும்பும்போது பாதை வெறிச்சோடியிருக்கும். பாதை முற்றாக அடைபட்டால் பொகவந்தலாவையிலிருந்து பலாங்கொடைக்கு இறங்கும் வழி ஒன்று இருக்கிறது. ஒடுங்கிய பாதை, பகலில் மட்டும், மழையில்லாவிட்டால் மட்டும் என்று குறிப்பெழுதித் திட்டத்தில் சேர்த்தோம்.

சந்திக்கும் இடத்துக்கு மூன்று ஊர்களை எடைபோட்டோம். ஹட்டன் கிட்ட, ஆனால் மெயின் வீதியில் நடந்தால் பத்து நிமிடத்தில் ஊர்க்காரர் ஒருவரையாவது சந்திக்காமல் இருக்க முடியாது. நுவரெலியாவில் வெளிநாட்டார் நடமாட்டம் சாதாரணம். சாட்சிக்கு அங்கே போக இயல்பான காரணம் இல்லை. கண்டி தூரம். ஆனால் மலையகத்தார் எல்லோருக்கும் கண்டியில் ஏதோ ஒரு வேலை இருக்கும், தெரிந்தவர் இருப்பார், தேசிய வைத்தியசாலை இருக்கிறது, கொழும்புக்கு இறங்க ஒன்றுக்கு மேற்பட்ட பாதை இருக்கிறது. கண்டி என்று முடிவானது. வழக்கமான பஸ்ஸில், நம்பிக்கையான ஒரு துணையோடு, அணியின் வாகனத்தைப் பார்க்காமலே சாட்சி வந்து சேர்கிறார்.

யார் தொடர்புகொள்வது

உள்ளூர்த் தலைவர், பாதிரியார், தொண்டு நிறுவனத்தார் என எவரையாவது பிடித்து 'அந்த அக்காவைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டு வாங்க' என்றால் வேலை சுலபமாக முடியும். அந்தச் சுலபத்துக்கு விலை என்னவென்று கொங்கோ ஆயுதக்குழுத் தலைவர் லுபங்காவின் வழக்கில் தெரிந்தது. 2012 மார்ச் 14இல் வந்த அத்தீர்ப்பு நீதிமன்றத்தின் முதல் தீர்ப்பு. இடைத்தரகர்களிடம் விசாரணைப் பொறுப்பை ஒப்படைத்ததற்காக வழக்குத்தொடுநர் தரப்பை நீதிபதிகள் கடுமையாகக் கண்டித்தார்கள். அவர்கள் வழி வந்த சில சாட்சியங்களை நம்ப மறுத்தார்கள். எனவே தொடர்புகொள்வது விசாரணையாளர் மட்டும், உரைபெயர்ப்பாளர் வழியாக, சாட்சியின் சொந்த எண்ணுக்கு. வீட்டில் ஒரே ஃபோன் பலர் கைக்கு மாறும் என்று வைத்துக்கொண்டுதான் முதல் வாக்கியம் எழுதப்படுகிறது: 'அக்கா, இப்ப தனியா இருக்கீங்களா, ரெண்டு நிமிசம் பேசலாமா?' இல்லை என்றால் அத்தோடு வைத்துவிட வேண்டும். ஃபோனில் நாளும் இடமும் மட்டும். சம்பவத்தைப் பற்றி ஒரு சொல்லும் கூடாது.

உரைபெயர்ப்பாளருக்கு மலையகப் பேச்சு பழக்கமாயிருக்க வேண்டும்; ஆனால் அந்தப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவராக இருக்கக்கூடாது. ஹட்டன் பக்கத்து ஆள் என்றால் மூன்றாம் கேள்வியில் இருவருக்கும் பொதுவான உறவுக்காரர் ஒருவர் கிளம்புவார். சாசனத்தின் 55ஆம் உறுப்புரைப்படி, தனக்கு நன்கு புரியாத மொழியில் விசாரிக்கப்படுபவருக்குத் திறமையான உரைபெயர்ப்பாளர் இலவசமாகக் கிடைக்க வேண்டும். இலவசம் யாரும் மறப்பதில்லை, திறமை மறந்துபோகிறது. பின்னணிச் சோதனைக்கு நான்கு கிழமை ஒதுக்கினோம். திட்டத்தில் மிக நீண்ட ஒற்றை வரி இதுதான்.

பணம் பற்றி ஒரு குறிப்பு. இழந்த இரண்டு நாட் சம்பளம், வேலை வருகையோடு சேர்ந்த கொடுப்பனவு போனால் அது, பஸ் கட்டணம், துணைக்கு வருபவரின் செலவு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் செலவு. ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டு அல்லது கையெழுத்து. அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட இல்லை. புடவை இல்லை, பிள்ளைக்குப் பை இல்லை, இனிப்புப் பெட்டியும் இல்லை. சாட்சிக்குக் கொடுத்த ஒவ்வொரு தொகையும் ஒருநாள் எதிர்த்தரப்பின் மேசைக்குப் போகும். வெறுங்கையோடு போவது நம்மூர் வழக்கமில்லைதான். அந்தச் சங்கடத்தை உரைபெயர்ப்பாளருக்கு முன்கூட்டியே விளக்கிவைக்காவிட்டால், அவர் மரியாதைக்காகத் தன் கைக்காசில் எதையாவது வாங்கிவிடுவார்.

நாள், மணி, தாள்

அணி ஐவர்: விசாரணையாளர் இருவர், உரைபெயர்ப்பாளர், உளவளத் துணை நிபுணர், பாதுகாப்பு அலுவலர். புதன் காலை இறங்கிக் கண்டிக்கு, வியாழன் ஓய்வு, வெள்ளி இடத்தைப் பார்த்து உறுதிசெய்தல். சனி 3 மணிக்கு அறிமுகமும் உளவளத் துணை நிபுணரின் மதிப்பீடும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் இல்லை. இந்த நிலையில் சாட்சி பேசத் தயாரில்லை என்று நிபுணர் சொன்னால் பயணம் அத்தோடு முடியும். விசாரணையாளருக்கு அதை மீறும் அதிகாரம் திட்டத்தில் இல்லை. ஞாயிறும் திங்களும் இடைவேளை உட்பட நான்கு மணி நேரம். செவ்வாய் காலை வாசித்துக்காட்டல். புதன் ஒதுக்கு நாள். வியாழன் விமானம். ஐவருக்கு எட்டு இரவு, 40 படித்தொகை நாள். ஒதுக்கு நாளுக்கு ஐந்து படித்தொகை வீண் என்று நிதிப் பிரிவு கேட்கும். அந்த ஒரு நாள் இல்லாமல் ஒரு மண்சரிவில் பயணமே கைவிடப்பட்டால் 40ம் வீண் என்று பதில் எழுதிவைக்க வேண்டும்.

வாசித்துக்காட்டலைத்தான் அனுபவமில்லாதவர்கள் மறப்பார்கள். சாதாரண சாட்சியின் வாக்குமூலம் எழுத்தில் வரும். நீதிமன்றத்தின் வேலை மொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும். விசாரணையாளர் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வதை உரைபெயர்ப்பாளர் வரிவரியாகத் தமிழில் சொல்ல, சாட்சி திருத்தங்கள் சொல்லி, ஒவ்வொரு பக்கத்திலும் ஒப்பமிட வேண்டும். நீதிமன்றத்தின் நடைமுறை, சான்று விதிகளில் விதி 111இன்படி திகதி, நேரம், இடம், அறையில் இருந்தவர்கள் எல்லாம் பதிவாக வேண்டும். 20 பக்கம் என்று வைத்தால், பக்கத்துக்கு ஏழு நிமிடம், 140 நிமிடம். திருத்தங்களோடு மூன்று மணி நேரம். இதைக் கடைசி அரை மணிக்குள் திணித்த திட்டத்தில் சாட்சி களைத்துப்போய் 'சரி சரி' என்று தலையாட்டுவார். அந்தச் சரிதான் இரண்டு வருடம் கழித்து நீதிமன்றத்தில் உடையும். செவ்வாய் 8.30க்குத் தொடங்கி 11.30க்கு முடித்து, 12.30க்கு அவர் கண்டியில் பஸ் ஏறினால் வெளிச்சத்தோடு வீடு சேரலாம்.

இதற்காகத்தான் பொருட்பட்டியலில் சிறிய அச்சுப்பொறி ஒன்று, மேலதிக மைப்பெட்டி ஒன்று, 250 தாள். இலங்கையில் சதுர முள் பிளக்கும் பழைய உருண்டை முள் பிளக்கும் கலந்திருக்கும். ஹேக்கிலிருந்து வரும் மடிக்கணினி இரண்டிலும் பொருந்தாது, மாற்றி நான்கு வேண்டும். சந்தேகநபராக மாறக்கூடியவரை விசாரித்தால் விதி 112இன்படி ஒலிப்பதிவோ ஒளிப்பதிவோ கட்டாயம். இந்தச் சாட்சி அப்படியல்ல. ஆனாலும் பேச்சு திசைமாறினால் நிறுத்தி, உரிமைகளை வாசித்துப் பதிவோடு தொடர வேண்டியிருக்கும் என்பதால் பதிவுக் கருவி இரண்டு. 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடத்தில் மணிக்குச் சுமார் 346 மெகாபைட். பத்து மணி நேரத்துக்கு 3.5 கிகாபைட், 32 கிகாபைட் அட்டை தாராளம். பதிந்தவுடன், கோப்பு பிறகு மாறினால் காட்டிக்கொடுக்கும் ஹாஷ் எண்ணைக் கணித்துப் படிவத்தில் எழுதி, அட்டையை உறையிலிட்டு முத்திரையிட வேண்டும். செய்மதித் தொலைபேசி பெட்டியில் வேண்டாம்: தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதியில்லாமல் அது கட்டுநாயக்கவில் சிக்கலாகும். இரண்டு வேறு வலையமைப்பு சிம்கள் போதும்.

வாகனம் இரண்டு, வெள்ளை அல்லாதவை, கண்டியில் அமர்த்தியவை. சாரதிகளுக்கு இடம் அன்றன்று காலையில்தான். வெள்ளிக்கிழமை பரிசோதனையில் டயர், பிரேக், துடைப்பான், மூடுபனி விளக்கு.

போவதா நிறுத்துவதா

முடிவெடுக்கும் நேரங்கள் இரண்டு: பயணத்துக்கு முந்திய நாள் மாலை 6 மணி, பயண நாள் காலை 5.30. குளிர்காலத்தில் ஹேக் நாலரை மணி நேரம் பின்னால். நம் காலை 5.30 அவர்களுக்கு நள்ளிரவு கழிந்து 1 மணி. இரவுக் கடமையில் யார், அவர் தூங்கிவிட்டால் அடுத்தது யார் என்று பெயரோடும் பதவியோடும் எழுதாத திட்டம் முதல் மழையிலேயே ஊமையாகிவிடும். அளவுகோல் தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் மஞ்சள், 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 என்றால் சிவப்பு, அதாவது மக்களையே வெளியேற்றும் நிலை. மஞ்சளில் சாட்சியின் பயணத்தை ஒரு நாள் தள்ளுவது, செம்மஞ்சளில் நிறுத்துவது என்று எழுதினோம். அணி கண்டியில் பத்திரமாக இருந்தாலும் பாதையில் இருப்பவர் சாட்சி என்பதால் எல்லை தாழ்வாக வைக்கப்பட்டது.

பயணத்தில் இரண்டு மணிக்கொரு முறை குறுஞ்செய்தி. முப்பது நிமிடம் தவறினால் அழைப்பு, அறுபதில் மேலிடத்துக்கு அறிவிப்பு. 1990 அம்பியூலன்ஸ், 119 பொலிஸ், 117 இடர் முகாமை நிலையம் ஆகிய எண்கள் தாளில் அச்சாகி இருக்க வேண்டும். பள்ளத்தாக்கில் சிக்னல் போகும்போது ஃபோனுக்குள் இருக்கும் பட்டியலுக்கும் மின்கலம் வேண்டுமே.

இதில் வருகைதரு நிபுணரின் பங்கு

சாட்சியைப் பார்க்க மாட்டார், பெயரும் தெரியாது. குறியீட்டு எண் மட்டும். மேலே சொன்ன அட்டவணை, விடுமுறைப் பட்டியல், பாதை நேரம், தங்குமிட ஒப்பீடு, பொருட்பட்டியல், அழைப்பு வரிசை, பயணம் முடிந்தபின் திட்டத்துக்கும் நடந்ததற்கும் இடைவெளி என்ன என்ற அறிக்கை எல்லாம் அவருடைய மேசையில் உருவாகும். கையொப்பம் வேறொருவருடையது. நீதிமன்றத்தின் கணினி அமைப்பு 2023 செப்டெம்பரில் இணையத் தாக்குதலுக்கு உள்ளான பிறகு, சொந்த மடிக்கணினியில் ஒரு வரி எழுதுவதையும் நினைக்கக்கூடாது. அதற்கு முன்னும் நல்ல பழக்கமாக இருந்ததில்லை.

போக நினைப்பவர் முதலில் பணத்தை எண்ண வேண்டும். சம்பளமும் இல்லை, பயணச் செலவும் இல்லை. நிதியுதவியோடு அவ்வப்போது வரும் சில இடங்கள் உறுப்பு நாடுகளைச் சேர்ந்த வளரும் நாட்டவருக்கானவை. இலங்கையர் அந்த வரிசையில் இல்லை. உறுப்பினரல்லாத நாட்டவரும் விண்ணப்பிக்கலாம், முன்னுரிமை மற்றவர்களுக்கு. ஷெங்கன் குறுகியகால விசா 180 நாளில் 90 நாள்தான். அதற்கு மேற்பட்ட காலத்துக்கு வேறு அனுமதி வேண்டும், அதற்கான கடிதங்களை நியமனம் கிடைத்த அன்றே கேட்க வேண்டும். ஐக்கிய நாடுகளின் 'பீசேஃப்' பாதுகாப்புப் பாடம் இணையத்தில் இலவசம். முடித்துச் சான்றிதழை விண்ணப்பத்தில் இணைத்தால் இந்தத் துறையை அறிந்து வருபவர் என்று தெரியும். பரிந்துரைக் கடிதம் பேராசிரியரிடம் ஒன்று வாங்குங்கள். மற்றது, உங்களோடு உண்மையிலேயே ஒரு நிவாரண விநியோகத்தையோ தேர்தல் கண்காணிப்பையோ ஓட்டிய ஒருவரிடம். நேர்முகத்தில் சட்டப் பிரிவு எண்களை ஒப்புவிப்பதைவிட, இப்படித் தாளில் உடைத்துப் பார்த்த ஒரு திட்டத்தைக் காட்டி ஏன் ஹட்டனை விட்டுக் கண்டியைத் தேர்ந்தீர்கள் என்று விளக்குவது மேல்.

தீராத ஒன்று

மூன்றாம் முறை மேசையில் ஓட்டியபோதும் ஓர் ஓட்டை அடைபடவில்லை. கண்டியில் சாட்சியும் துணையும் மூன்று இரவு தங்க வேண்டும். இலங்கையில் எந்த விடுதியிலும் வரவேற்பு மேசைப் பதிவேட்டில் அடையாள அட்டை எண் எழுதப்படும். பொலிஸ் கேட்டால் அது காட்டப்படும். அணியின் பெயரில் அறை எடுத்தால் சாட்சியும் அணியும் ஒரே பக்கத்தில் பதிவாகிறார்கள். வேறு விடுதி என்றால் காலையும் மாலையும் நடுவில் ஒரு பயணம், இரண்டு சாரதிகளுக்கு விடுதியின் பெயர் தெரியும். உறவினர் வீடு என்றால் செலவும் பதிவும் இல்லை, ஆனால் இன்னொரு குடும்பத்துக்கு விசயம் தெரியும். இப்போதைக்குத் திட்டத்தில் இருப்பது இரண்டாவது வழி: தனி விடுதி, சாட்சியே தன் பெயரில் பதிந்து பற்றுச்சீட்டு வாங்குவது, நேர்காணல் இடத்துக்கு நடந்து வரும் தூரம், வாகனம் இல்லை. நடக்கும் தூரத்துக்குள் பொருத்தமான இரண்டு இடங்கள் கிடைக்குமா என்பதைத்தான் வெள்ளிக்கிழமை நேரில் போய்ப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். கிடைக்காவிட்டால் அன்று மாலை 6 மணி முடிவில் முதல் வரி அதுவே.